எபிடெமிக்னா என்ன, பகர்ச்சப்பனின்னா என்ன? எல்லைப்பக்கம் இருக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

தேனி மாவட்டத்துல, கேரளா எல்லை ஓரமா இருக்குற கம்பம் ஊர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கம்பம்மெட்டு, குமுளி ரோட்டுல ஜீப்பு ஜீப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆளு போகும், சாயங்காலம் திரும்பி வரும்போது பாதிப் பேரு நம்ம கடைல நின்னு மாத்திரை வாங்கிட்டுதான் வீட்டுக்குப் போவாங்க. அங்குட்டு கேரளாவுல வண்டன்மேடு, கட்டப்பனைல டாக்டர பாத்துட்டு வந்தா சீட்டு இங்கிலீஷ்ல இருக்கும், சொன்னது மலையாளத்துல இருக்கும், நம்மாளு புரிஞ்சிக்கிட்டது தமிழ்ல இருக்கும். இந்த மூணுக்கும் நடுவுல ஒரு வார்த்தை மாறிப்போனா ஒரு குடும்பமே படுத்துரும், அத நேர்லயே பாத்திருக்கேன். அதனால கடைல என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள ஒரே எடத்துல எழுதிவச்சா நாலு பேருக்கு உதவும்னுதான் இது.

எபிடெமிக்னா நேரடியா என்ன அர்த்தம்?

கிரேக்க மொழி வார்த்தை. 'எபி'ன்னா மேல, 'டெமோஸ்'னா ஜனங்க. ஜனங்க மேல வந்து எறங்குறது. டெமாக்ரசில வர்ற அதே டெமோஸ்தான். ஆனா ரொம்பப் பழைய கிரேக்கத்துல டெமோஸ்னா ஜனங்கங்கறதுக்கு முன்னாடி அந்த ஜனங்க இருக்குற ஊரு, நாடு, அந்தப் பக்கம்ங்கற அர்த்தம் இருந்துச்சு. நம்ம 'ஊரே கூடிருச்சு'ன்னு சொல்றோம்ல, அதுல ஊருன்னா வீடும் தெருவுமா, ஆளுங்கதானே. அதே மாதிரிதான்.

இதுல நல்லா கவனிக்க வேண்டியது, இந்த வார்த்தைக்குள்ள 'பரவுது'ங்கற சொல்லே கெடையாது. 'ஒட்டுது'ங்கறதும் கெடையாது. ஊரு மேல வந்துருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. இத மனசுல வச்சுக்கங்க, கீழ இது ரொம்ப முக்கியமா வரும்.

இந்த வார்த்தைய நோய்க்கு மொதல்ல வச்சது யாரு?

ஹிப்போகிரட்டிஸ். சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாடி, கோஸ்ங்கற கிரேக்கத் தீவுல பொறந்த வைத்தியர். அவருக்கு முன்னாடியே இந்த வார்த்தை பொழக்கத்துல இருந்துச்சு, ஆனா நோய்க்கு இல்ல. பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் காலத்துல 'எபிடெமியோஸ்'னா வெளிநாடு போகாம சொந்த ஊர்லயே இருக்குற ஆளு. அப்புறம் ஒரு ஊருக்கு வந்து தங்குறதுக்கும் அதே சொல்லத்தான் சொன்னாங்க. அதாவது விருந்தாளிய பத்திப் பேசுற வார்த்தை! அத எடுத்துத்தான் நோய்க்கு வச்சாங்க. இந்தக் காய்ச்சல் இந்த வருஷம் இந்த ஊருக்கு வந்து தங்கிருக்குங்கற மாதிரி.

அவரு பேர்ல 'எபிடெமிக்ஸ்'னு 7 பாகம் இருக்கு, எல்லாத்தையும் அவரே எழுதலன்னு படிச்சவங்க சொல்றாங்க. மொதப் பாகத்துல தாசோஸ்ங்கற தீவுல ஒரு வருஷம் நடந்தத எழுதிருப்பாங்க. காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுச்சு, மழை பேஞ்சுச்சா காஞ்சுச்சான்னு மொதல்ல எழுதிட்டு அப்புறம் நோய்க்கு வர்றாங்க. நெறைய பேருக்குக் காதுக்குப் பக்கத்துல வீக்கம், சிலருக்கு ஒரு பக்கம் சிலருக்கு ரெண்டு பக்கமும், முக்காவாசிப் பேருக்குக் காய்ச்சலே இல்ல, படுக்கல, நடமாடிக்கிட்டேதான் இருந்தாங்க, சிலருக்கு மட்டும் விரைல வீக்கமும் வலியும் வந்துச்சு, வந்ததெல்லாம் பெரும்பாலும் எளவட்டப் பசங்க, அதுலயும் மல்யுத்தக் களத்துல பழகுறவங்க, பொம்பளைங்களுக்குக் கம்மி.

இத நம்ம ஊர்ல யாருகிட்ட சொன்னாலும் ஒடனே சொல்லிருவாங்க, பொன்னுக்கு வீங்கி! கழுத்துல தங்கச்சங்கிலி போட்டுவிடுவாங்கல்ல, அதேதான். கேரளாவுல முண்டிநீரு, முண்டிவீக்கம்னு சொல்வாங்க, 2024 மார்ச் வாக்குல அங்க பிள்ளைங்களுக்கு நெறைய வந்துச்சே, அது. எச்சில் தெறிச்சுப் பரவுற வைரஸ். கட்டிப்புடிச்சு உருளுற பசங்களுக்கு அது வந்ததுல ஆச்சரியமே இல்ல. ஆனா அவங்க அத ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டுச்சுன்னு எழுதல. அந்த வருஷத்துக் காத்தோடயும் மழையோடயும் சேத்துத்தான் எழுதிவச்சாங்க. கண்ணால பாத்தது அவ்வளவு துல்லியம், காரணம்தான் தெரியல. எனக்கு இத மொதத்தடவ படிச்சப்ப ஒடம்பு சிலுத்துருச்சு, 2400 வருஷத்துக்கு முந்தின பசங்களோட கன்னம் இன்னைக்கு நம்ம கடை வாசல்ல நிக்கிற பையனோட கன்னம் மாதிரியே இருக்கு.

அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சுன்னு போயி 1600கள் வாக்குல இந்த 'எபிடெமிக்' இங்கிலீஷுக்கு வந்து சேந்துச்சு.

அப்ப எபிடெமிக்னா ஒட்டுவாரொட்டி நோயா?

இல்ல! இத சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன்.

எபிடெமிக்ங்கறது ஒரு கணக்கு. ஒரு ஊர்ல, ஒரு காலத்துல, வழக்கமா வர்றதவிட அதிகமா ஒரு நோய் வந்தா அது எபிடெமிக். எத்தன பேருக்கு, எங்க, எப்பங்கற மூணு கேள்விக்குத்தான் அந்த வார்த்தை பதில் சொல்லுது. எப்படி வருதுங்கறதுக்கு அது வாயே தெறக்காது. கொசு கடிச்சு வரலாம், தண்ணில வரலாம், எலி மூத்திரத்துல வரலாம், பக்கத்துல உக்காந்து இருமுனாலும் வரலாம்.

ஒட்டுவாரொட்டிங்கறது வேற. ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுறது. இங்கிலீஷ்ல கன்டேஜியஸ், லத்தீன்ல 'சேந்து தொடுறது'ங்கற பொருள்ல இருந்து வந்தது. இன்பெக்‌ஷன்ங்கறது இன்னொன்னு, அதோட வேர்ச்சொல்லுக்கு முக்கி எடுக்குறது, சாயம் ஏத்துறதுன்னு அர்த்தம். கிருமி ஒடம்புக்குள்ள ஏறுனா இன்பெக்‌ஷன், அது எந்த வழியா வேணா ஏறலாம், எல்லா இன்பெக்‌ஷனும் ஆளுக்கு ஆளு ஒட்டாது.

இந்த ரெண்டையும் கொழப்பிக்கிட்டதால நடந்தத சொல்றேன். 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல வெள்ளம் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் அங்க எலிப்பனி நெறைய வந்துச்சு, நம்ம ஊர்ல எலிக்காய்ச்சல்னு சொல்றது. எலி மூத்திரம் கலந்த தண்ணி, சேறு, அதுல வெறுங்காலோட எறங்குனா கால்ல இருக்குற வெடிப்பு வழியா கிருமி உள்ள போகும். எங்க தெரு அக்கா ஒருத்தருக்கு அது வந்துருச்சு. ஏலத்தோட்டத்துல மழைக்காலத்துல வேல பாக்குறவங்க காலப் பாத்திருக்கீங்களா, வெரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போயி, குதிகால் வெடிப்புக்குள்ள கறுப்பா மண்ணு ஏறி, கல்லுல தேச்சாலும் போகாது. அந்த அக்கா கடைல ஒக்காந்து காலக் காட்டுனாங்க, அஞ்சாறு எடத்துல வெடிச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில ஊசி போட்டு சரியாகி வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா 'அங்க எபிடெமிக்காம்ல, டிவில சொன்னாங்க'ன்னு ஒரு பேச்சு கெளம்பி, ஜீப்புல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. ஒரு மாசம் வேலைக்குப் போகல. அவங்க தூக்குவாளிய யாரும் தொடல, தெருக்குழாய்ல அவங்க புடிச்சப்புறம் கொடத்த ரெண்டு தடவ கழுவி வச்சாங்க. எலிக்காய்ச்சல் ஆளுக்கு ஆளு ஒட்டுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அந்த அக்கா பக்கத்துல ஒக்காந்தா ஒன்னும் ஆகாது, செருப்பில்லாம தோட்டத்துச் சேத்துல எறங்குனாத்தான் ஆகும். பயப்பட வேண்டியது பூட்ஸ் இல்லாத காலுக்கு, பயந்தது ஒரு பாவப்பட்ட பொம்பளைக்கு.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு, அடுத்த கேள்வில சொல்றேன்.

பகர்ச்சப்பனின்னு சீட்டு குடுக்கும்போது சொன்னாங்க, பனில வர்ற காய்ச்சலா?

மலையாளத்துல பனின்னாலே காய்ச்சல். நம்ம பனி அவங்களுக்கு மஞ்ஞு. எல்லைல இருக்குற எல்லாருக்கும் இது தெரியும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்ல. புதுசா தோட்டத்துக்குப் போற பிள்ளைங்களுக்குத் தெரியல. ஒரு தங்கச்சி, வேலைக்குச் சேந்து ஒரு மாசம்கூட ஆகல, காய்ச்சலும் இருமலுமா இருந்துச்சு. அங்க ஒரு கிளினிக்ல 'பகர்ச்சப்பனியா'ன்னு சொல்லிருக்காங்க. இந்தப் பிள்ளை என்ன நெனச்சுச்சுன்னா, விடியக்காலைல ஜீப்புல போறமே, அந்தப் பனி ஒத்துக்கலன்னு. கடைக்கு வந்து 'அண்ணே, பனி ஒத்துக்கலயாம், மப்ளர் இருக்கா'ன்னு கேட்டுச்சு. மப்ளர் நம்மகிட்ட ஏது, பக்கத்து ஜவுளிக்கடைல வாங்கிக் காதச் சுத்திக் கட்டிக்கிட்டு அடுத்த நாளே ஜீப்புல ஏறிருச்சு. எட்டுப் பேரு போற வண்டில பதினாலு பேரு, தார்ப்பாயும் எறக்கிவிட்டு, ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மூஞ்சில. ஒரு வாரத்துக்குள்ள அந்த வண்டில முக்காவாசிப் பேரு அதே இருமலோட என் கடைக்கு வந்தாங்க. ஒட்டாத நோய்க்காரிய ஒதுக்கி வச்ச அதே ஊரு, ஒட்டுற நோய்க்காரிய நடுவுல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போச்சு. யாரு மேலயும் தப்பில்ல, ஒரு சொல்லு புரியல.

பகர்ச்சப்பனின்னா பரவுற காய்ச்சல். பகர்ச்சவ்யாதின்னா பரவுற வியாதி, எபிடெமிக்குக்கு கேரளா பேப்பர்ல இதத்தான் போடுவாங்க. மலையாளத்துல 'பகருக'ன்னா ஒன்னுலருந்து இன்னொன்னுக்கு மாத்துறது. பாத்திரத்துலருந்து பாத்திரத்துக்கு ஊத்துறதுக்கும் அதுதான், நகல் எடுக்குறதுக்கும் அதுதான், ஜெராக்ஸ் காப்பிக்கு 'பகர்ப்பு'ம்பாங்க. நம்ம பழைய தமிழ்ல பகர்றதுன்னா சொல்றது, விக்கிறது, அதனால காதுல விழுந்தாலும் நமக்கு வெளங்குறதில்ல. என்னக் கேட்டா இந்தச் சொல்லு ரொம்ப அழகான சொல்லு. ஒரு ஒடம்புல இருக்குறது அப்படியே இன்னொரு ஒடம்புல காப்பி ஆகுது, வைரஸ் பண்றது அதத்தானே.

2020ல டிவில வந்த 'சமூஹ வ்யாபன'மும் இதே மாதிரி கொழப்புச்சு, சமூகப் பரவல்னு அர்த்தம், வியாபாரத்துக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல.

பாண்டெமிக், எண்டெமிக், அவுட்பிரேக் இதெல்லாம்?

'பான்'னா எல்லாம். எல்லா ஜனங்களுக்கும் வந்தா பாண்டெமிக், பல நாடு பல கண்டம் தாண்டுறது. கோவிட்ட உலக சுகாதார நிறுவனம் பாண்டெமிக்னு சொன்னது 2020 மார்ச் 11. நம்ம நாட்டுல மொத ஆளு திருச்சூர்ல, 2020 ஜனவரி 30, வூகான்ல படிச்சிட்டு வந்த ஸ்டூடண்ட். அன்னைக்கு அது பாண்டெமிக்னு யாரும் சொல்லல.

'என்'னா உள்ள. எண்டெமிக்னா ஊருக்குள்ளயே குடியிருக்குறது. இத நெறைய பேரு தப்பா புரிஞ்சிக்கிறாங்க, எண்டெமிக் ஆயிருச்சுன்னா வீரியம் போயிருச்சு, இனி பயமில்லன்னு. அப்படி ஒரு அர்த்தமே அதுல கெடையாது. டிபி எண்டெமிக். உலகத்துல டிபி வர்றவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்காங்க. டிபி இருமுனா ஒட்டும், ஆனா எபிடெமிக்னு யாரும் கத்துறதில்ல, எப்பவும் இருக்குறதுதானேன்னு ஜனங்களும் கண்டுக்கறதில்ல. ரெண்டு வாரம் தாண்டுன இருமலுக்கு இருமல் டானிக் கேட்டு வந்தா நான் குடுக்குறதில்ல, சளிய டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, கவர்மெண்ட்ல காசில்லாம பாப்பாங்கன்னு அனுப்பிருவேன். வருத்தப்பட்டுக்கிட்டு வேற கடைக்குப் போறவங்களும் உண்டு.

அவுட்பிரேக்ங்கறது எபிடெமிக்கோட சின்ன அளவு, ஒரு எடத்துக்குள்ள நிக்கிறது. 2018 மே மாசம் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் வந்த நிபா அப்படி. நிபாங்கறது மலேசியாவுல ஒரு கிராமத்தோட பேரு, 1998-99ல அங்க வந்த நோய்லருந்துதான் அந்த வைரஸ மொதல்ல பிரிச்சு எடுத்தாங்க.

இன்னொன்னு, எண்ணிக்கை பெருசா இருந்தாத்தான் எபிடெமிக்னு இல்ல. வழக்கமா எவ்வளவு வரும்ங்கறதுதான் அளவுகோல். பெரியம்மை இந்த ஒலகத்துலயே இல்லன்னு 1980 மே மாசம் அறிவிச்சுட்டாங்க, இன்னைக்கு ஒரே ஒரு ஆளுக்கு வந்தாக்கூட ஒலகமே எந்திரிச்சு நிக்கும். மழைக்காலத்துல எங்க ஊர்ல பத்து டெங்கு வந்தா அது எல்லா வருஷமும் வர்றதுதான்னு சொல்லிருவாங்க.

தமிழ்ல இதுக்கு சரியான வார்த்தை எது? கொள்ளைநோயா, பெருந்தொற்றா?

நம்மகிட்ட நெறைய இருக்கு, ஒவ்வொன்னும் ஒவ்வொரு விஷயத்தச் சொல்லுது.

கொள்ளைநோய். கொள்ளையடிச்சுக்கிட்டுப் போற மாதிரி உயிர அள்ளிக்கிட்டுப் போறது. கொள்ளைன்னா நெறையங்கற அர்த்தமும் இருக்கு, கொள்ளை அழகு, கொள்ளைப் பிரியம்னு சொல்றோம்ல. எங்க பக்கம் வயசான ஆளுங்க கோவத்துல 'கொள்ளைல போறவனே'ன்னு வைவாங்க, 'பேதில போவான்'ம்பாங்க. என் அப்பத்தா வாயத் தெறந்தா இது ரெண்டும்தான் வரும். அது சும்மா வந்த வசவு இல்ல, காலராவுல ஒரே வீட்ல நாலு பொணம் எடுத்த காலத்துல ஜனங்க வாய்ல உண்டான வசவு.

பெருவாரி. பெருவாரிக் காய்ச்சல், பெருவாரி நோய்னு பழைய ஆளுங்க எழுதுவாங்க. இப்ப 'பெருவாரியான வாக்கு வித்தியாசத்தில்'னு எலெக்‌ஷன் நியூஸ்ல மட்டும்தான் மிச்சமிருக்கு. எபிடெமிக்குக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குற சொல்லு இதுதான்னு நான் சொல்வேன், ஏன்னா ஜனங்கள மொத்தமா வாருதுன்னு மட்டும் சொல்லுது, எப்படி ஒட்டுதுங்கறத சொல்லல. கிரேக்க வார்த்தை என்ன பண்ணுதோ அதேதான்.

தொற்று, தொத்துறது. கூட்டமான பஸ்ல படில தொத்திக்கிட்டுப் போறோம்ல, அந்தத் தொத்து. பெருந்தொற்றுங்கறது 2020ல தான் ஜனங்க வாய்க்கு வந்துச்சு, பாண்டெமிக்குக்கு. நல்ல சொல்லுதான், ஆனா கிரேக்கத்துல இல்லாத 'தொத்துறத' இது உள்ள கொண்டுவந்துருது. கோவிட் தொத்துற நோய்ங்கறதால பொருந்திப்போச்சு, டெங்குவுக்குப் போட்டா தப்பாயிரும்.

ஒட்டுவாரொட்டி. இத விட்றாதீங்க. கன்டேஜியஸ்க்கு இதவிடத் தெளிவா எந்த மொழிலயாவது சொல்லு இருக்குமான்னு தெரியாது, ஒட்டுறவங்களோட ஒட்டிக்கும். பாட்டிங்க கண்ணுவலிக்கும் சொறி சிரங்குக்கும் இன்னைக்கும் சொல்றாங்க.

கொள்ளைநோய்னா பிளேக்தானே, அது ஒட்டுவாரொட்டிதானே?

பாதி சரி. பிளேக்ங்கறது 'அடி'ங்கற பொருள் இருக்குற லத்தீன் சொல்லுலருந்து வந்துச்சு, சாமி குடுத்த அடின்னு நெனச்சாங்க. எங்க கம்பம் பள்ளத்தாக்குல பிளேக் நெறைய காலம் இருந்துருக்கு. இங்க அது எப்படி விடாம தங்குதுன்னு 1930கள்ல தனியா ஆய்வே பண்ணி 1934ல வெளியிட்டாங்க. எலியும் எலி மேல இருக்குற தெள்ளுப்பூச்சியும்தான் காரணம். நெறி கட்டி வர்ற வகை பெரும்பாலும் தெள்ளு கடிச்சு வர்றது, ஆளுக்கு ஆளு இல்ல. நுரையீரலுக்குப் போயிருச்சுன்னா அப்ப இருமுனா ஒட்டும். பாருங்க, கொள்ளைநோய்க்கே பெரிய உதாரணம்னு சொல்ற பிளேக்லயே ஊரு முழுக்க சாகுறது ஒரு விஷயம், பக்கத்துல இருக்குறவருக்கு ஒட்டுறது இன்னொரு விஷயம்னு ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு.

மகாமாரி, கோமாரி, மாரியம்மன், எல்லா மாரியும் ஒன்னா?

தமிழ் மாரின்னா மழை. சமஸ்கிருத மாரின்னா சாவு கொண்டுவர்ற நோய், மரணம்ங்கறதோட ஒரே வேர். மலையாளத்துல கோவிட்ட மகாமாரின்னாங்க, பெரிய கொள்ளைநோய்னு அர்த்தம். மாட்டுக்கு வர்ற கோமாரில 'கோ'ன்னா மாடு, மாட்டுக்கு வர்ற மாரி. அப்புறம் நம்ம மாரியம்மன் மழைக்கும் தாயி, அம்மைக்கும் தாயி, ரெண்டு மாரியும் ஒரே அம்மாகிட்ட வந்து சேந்துருச்சு.

வீரபாண்டில சித்திரைத் திருவிழாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், கௌமாரியம்மனுக்கு ஆயிரங்கண் பானை எடுப்பாங்க, பானை முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும். அம்மை போட்டவங்களுக்கு நேந்துக்கிட்டு எடுக்குறது. நம்ம வீட்ல அம்மைய நோய்னு சொல்லமாட்டோம், 'ஆத்தா எறங்கிருக்கா', 'அம்மா பாத்திருக்கு', சரியானப்புறம் 'தண்ணி ஊத்தியாச்சு'. வாசல்ல வேப்பிலை சொருகிட்டா யாரும் உள்ள வரமாட்டாங்க, வெளிய இருந்தே பேசிட்டுப் போயிருவாங்க. கேக்கும்போதே கவனிச்சிருப்பீங்க, கிரேக்கக்காரன் ஊருக்கு வந்து தங்குறதுன்னு சொன்னதும் நம்ம ஆத்தா வந்து எறங்கிருக்கான்னு சொன்னதும் ஒரே நெனப்புதான். நோய் வெளியூர்லருந்து வந்த ஒரு ஆளு, மரியாதையா பாத்து அனுப்பிவைக்கணும். வேப்பிலை கட்டுறதுல ஒரு விஷயம் நெசமாவே வேலை செய்யுது, வீட்டுக்குள்ள ஆளு வராம தடுக்குது. ஆனா தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் டாக்டர பாக்கணும், பிள்ளைக்கு மூச்சு வாங்குனா ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது, அத எந்த ஆத்தாவும் வேணாங்கமாட்டா.

மலேரியான்னா மலைல வர்றதுதானே?

எங்க ஊர்ல இது நெறைய பேரு நம்புறது. மலைக்காய்ச்சல்னே பழைய பேரு இருக்கு, அதனால மலை ஏறுனா மலேரியான்னு சேத்துக்கிட்டாங்க. மலேரியா இத்தாலி வார்த்தை, 'மாலா ஆரியா', கெட்ட காத்து. சதுப்புலருந்து வர்ற கெட்ட காத்துதான் காய்ச்சல் தருதுன்னு நம்புனாங்க.

முல்லைப்பெரியாறு அணை கட்டுன காலத்த நெனச்சுப் பாருங்க, 1887லருந்து 1895 வரைக்கும். பென்னிகுயிக் பேர எல்லாருக்கும் தெரியும், பிள்ளைங்களுக்கு அவரு பேர வைக்கிறோம். அங்க காட்டுக்குள்ள மண்ணு சுமந்தவங்கள்ல மலேரியாலயும் காலராலயும் செத்தவங்க நெறைய. அவங்க சாகும்போது அந்தக் காய்ச்சல் கொசுவால வருதுன்னு உலகத்துல யாரும் நிரூபிச்சிருக்கல. அணை முடிஞ்சு ரெண்டே வருஷத்துல, 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியா கிருமியக் கண்டுபுடிச்சாரு. அணை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிருந்தா ஒரு கொசுவலைலயாவது கொஞ்சம் உயிரு தப்பிருக்கும். லோயர் கேம்ப் வழியா வண்டில போறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், பேர்லயே காரணத்தத் தப்பா எழுதி வச்சுட்டு காத்துக்கு சன்னல சாத்துனா கொசு உள்ளதானே இருக்கும்.

தக்காளிப்பனி வந்துச்சே, தக்காளி சாப்பிடலாமா? சிக்கன்குனியாவுக்கு சிக்கன்?

ரெண்டையும் சாப்பிடலாம். தக்காளிப்பனி 2022ல கொல்லம் பக்கம் சின்னப் பிள்ளைங்களுக்கு வந்துச்சு, கொப்புளம் செக்கச்செவேல்னு தக்காளி மாதிரி இருக்கும்னு அந்தப் பேரு. வாளையாறு செக்போஸ்ட்ல அப்ப பிள்ளைங்களச் செக் பண்ணித்தான் விட்டாங்க. கை, கால், வாய்ல கொப்புளம் வர்ற நோயோட வகைதான் அது, பிள்ளைக்குப் பிள்ளை ஒட்டும், பால்வாடிக்கு அனுப்பாதீங்க.

சிக்கன்குனியா ஆப்பிரிக்காவுல மகோண்டேங்கற மொழி வார்த்தை, வளைஞ்சு மடங்குறதுன்னு அர்த்தம். 1952ல இப்பத்திய தான்சானியா பக்கம் வந்தப்ப, மூட்டுவலில குனிஞ்சு நடந்த ஜனங்களப் பாத்து வச்ச பேரு. 2006, 2007ல நம்ம பக்கமும் இடுக்கிலயும் வந்தப்ப கோழிக்கடைல கூட்டமே இல்ல. அது கொசுவால வர்றது, ஆளுக்கு ஆளு ஒட்டாது.

குவாரன்டைன் எங்கருந்து வந்துச்சு?

இத்தாலி மொழில குவாரன்டான்னா நாப்பது. 1377ல ரகூசாங்கற துறைமுக ஊர்ல, இப்ப குரோஷியாவுல துப்ரோவ்னிக், பிளேக் இருக்குற ஊர்லருந்து வர்றவங்க 30 நாள் வெளியவே தங்கிட்டு உள்ள வரணும்னு சட்டம் போட்டாங்க. அப்புறம் வெனிஸ் மாதிரி ஊருங்கள்ல அது 40 ஆச்சு. கிறிஸ்தவங்களுக்கு 40 நாள் தவக்காலம் இருக்கறதால அந்த எண்ணு மனசுல நின்னுருக்கும்னு வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. 2020ல குமுளில நம்மள நிறுத்துனப்ப 14 நாள், ஆனா பேரு மட்டும் நாப்பதுதான். குவாரன்டைன் நோய் வந்துருக்குமோன்னு சந்தேகம் இருக்குறவருக்கு, ஐசோலேஷன் நோய் உறுதியானவருக்கு, ரெண்டும் வேற.

கோழி, தாரா (வாத்து) வண்டிக்கு செக்போஸ்ட்ல மருந்து அடிக்கிறாங்களே, அதுவும் எபிடெமிக்கா?

டெமோஸ்னா மனுச ஜனங்க, அதனால மிருகத்துக்கு வந்தா எபிசூட்டிக்னு வேற வார்த்தை வச்சிருக்காங்க, அதுல மிருகம்ங்கற கிரேக்கச் சொல்லு இருக்கு. ஆலப்புழா, குட்டநாடு பக்கம் தாராக் கூட்டத்துக்குப் பறவைக்காய்ச்சல் வந்தா இங்க வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பாங்க. ஏலச்செடிக்கு வர்ற கட்டே நோயும் இப்படித்தான், அசுவினிப்பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோற வைரஸ். தோட்டத்துல வேல பாக்குற அக்காமாருக்கு நான் இதத்தான் உதாரணமா சொல்வேன். கட்டே வந்த செடி பக்கத்துச் செடிய தானா தொட்டு ஒட்டவைக்கல, நடுவுல பூச்சி இருக்கு. டெங்குவும் அப்படித்தான்க்கா, நடுவுல கொசு இருக்குன்னு சொன்னா ஒடனே புரிஞ்சிக்கிறாங்க.

எபிடெமிக் சட்டம்னு போலீஸ் சொன்னாங்களே, அது என்ன?

1897 பிப்ரவரில வெள்ளக்காரன் போட்டது, 1896ல பம்பாய்ல பிளேக் வந்ததால. ரொம்பச் சின்னச் சட்டம். அதுல எபிடெமிக்னா என்னன்னு விளக்கமே எழுதல. 2020ல அதத் திருத்தி டாக்டர், நர்ஸ் மேல கைவச்சா தண்டனைன்னு சேத்தாங்க. கேரளாவும் அந்த வருஷம் தனியா ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்துச்சு.

அங்குட்டு டாக்டர பாக்கும்போது என்ன கேக்கணும்?

எபிடெமிக்கான்னு கேக்காதீங்க, அது அவங்க ஆபீஸ் கணக்கு. 'இது பகருமோ டாக்டரே'ன்னு கேளுங்க. பகரும்னு சொன்னா அடுத்தது 'எங்ஙனெயா'ன்னு கேளுங்க, எப்படின்னு அர்த்தம். கொசுன்னு சொன்னா வீட்ல தண்ணி தேங்காம பாருங்க, ஆளப் பக்கத்துல வச்சு கஞ்சி குடுங்க. வெள்ளம் (மலையாளத்துல தண்ணி), எலின்னு சொன்னா பூட்ஸ், கால்ல புண்ணு இருந்தா மூடிக்கட்டுங்க, வாரத்துக்கு ஒரு தடவ போடுற டாக்சிசைக்ளின் மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா கடைல வாங்காதீங்க, என் கடைலயும் சும்மா தரமாட்டேன். இருமல், தும்மல்னு சொன்னா ஜீப்புல ஏறாதீங்க, ஒரு நாலு நாள் கூலி போகும்தான், தெரியும். மேஸ்திரிகிட்ட போன்ல சொல்லிக்கலாம், அந்தத் தங்கச்சி இப்ப அப்படித்தான் பண்ணுது. போன மழைக்கு வெரல்ல எண்ணிக் காட்டி 'அண்ணே, மூணு நாள் ஆச்சு, காய்ச்சல் விட்டுருச்சு, இருமல் இன்னும் இருக்கு, நாளைக்கு ஏறலாமா'ன்னு கேட்டுச்சு. இன்னும் ரெண்டு நாள் இரும்மான்னு சொல்லி அனுப்புனேன்.